கை நனைத்த வீடு

ரௌனி பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள்.
முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகள். செவ்வாய் என்றால் மீன் சூப்பு.
தட்டுக்கு ஒரு வெந்நீர், கரண்டிக்கு ஒரு வெந்நீர்.
உதவிக்கு வந்த பையன் தும்மினால்
ஏப்ரனைக் கழற்றச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

வீட்டில்
ஆப்பிள் மரத்தில் தொங்குகிறது தீனிக்குழாய்.
அதைக் கழுவியது எப்போது என்று கேட்டால்
சூரியகாந்தி விதை விலை ஏறிப்போனதைப் பற்றிப் பேசுவாள்.

நவம்பர். மூன்றரைக்கே இருட்டு
கூரைகளிலிருந்து இறங்கிவிடும் ஊர்.
ஏரி ஓரத்தில் மட்டும் உறைந்திருக்கிறது,
நடுவில் இன்னும் கறுப்பு.
பட்டாணிக்குருவிகள் ஆளுக்கொரு விதையைக் கவ்விக்கொண்டு
கடன் கேட்டுவிடுவார்களோ என்பதுபோல் கிளைக்கு ஓடும.
பச்சைக்குருவிக்கு அந்த அவசரம் கிடையாது.
விஹெர்பெய்ப்போ என்பார்கள் அங்கே.
தடித்த அலகு, இறக்கையில் மஞ்சள் கீற்று.
முதல் பந்தியில் உட்கார்ந்து
மூன்றாம் பந்தி முடிந்தும் எழுந்திருக்காத
தூரத்துச் சொந்தம்.

அவற்றில் ஒன்று
திங்கட்கிழமை அவளைக் கண்டு பறக்கவில்லை.
ஐந்தடி. மூன்றடி. கை நீட்டினால் எட்டும் தூரம்.
இறகைப் பந்தாக உப்பிக்கொண்டு
பாதிக் கண்ணால் பார்த்தது.
பதினோரு குளிர்காலம் அள்ளிப் போட்டதற்கு
இன்றைக்குத்தான் பதில் வந்தது என்று
வாளியோடு அப்படியே நின்றாள்.
மறுநாள் உருளைக்கிழங்கு உரிக்கும்போது
யாரும் கேட்காமலே சொன்னாள்:
"ஒண்ணு என்னை நம்ப ஆரம்பிச்சிருக்கு."

புதனன்று அது விதையை அலகில் உருட்டிக்கொண்டே இருந்தது.
உருட்டியது. விழுங்கவில்லை.
விதை நழுவிக் கீழே விழ, இன்னொன்று வந்து பொறுக்கியது.
தாடையடியில் இறகு நனைந்திருந்தது.
மழை இல்லையே என்று மட்டும் நினைத்தாள்.

வியாழக்கிழமை குழாய்க்கு நேர் கீழே,
ஒரு பக்கம் பனி ஒட்டி.
தள்ளுபடி விளம்பரத் தாளில் எடுத்தாள்.
தாளுக்கும் அதற்கும் எடை வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த வீட்டு ஆர்வோவுக்குப் போன் போட்டாள்.
"தொண்டை நோய்" என்றான்,
"ஒண்ணோட எச்சில் பட்டதை இன்னொண்ணு தின்னா போதும்.
நான் நேத்தே கழற்றிட்டேன். நீயும் கழற்று. பதினாலு நாள்."
பிறகு, சொல்லலாமா என்று யோசித்த குரலில்:
"பயப்படாம உட்கார்ந்திருந்துச்சா?"
"ம்."
"பறக்க முடியாது, அதான்."

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று
உண்டவனுக்குத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.
பரிமாறியவளுக்கு
ஒரு வரி கிடையாது.

அன்றிரவு சவுனா அறையில்
குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.
அடித்தட்டில் கறுத்த பசை, முளைவிட்டுச் செத்த விதை.
அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும்.
அதற்காகத்தான் மற்றவர்களைத் திட்டுவாள்.
பள்ளியிலிருந்து எடுத்துவந்த பாட்டில் பிரஷ்,
கண்ணைக் கரிக்கும் குளோரின்.
விடிய விடியத் தேய்த்தாள் என்று சொல்ல ஆசைதான்.
நாற்பது நிமிடம்.

அவை வந்தன.
வெறும் கம்பியில் உட்கார்ந்தன.
சமையலறை ஜன்னலை, அதற்குள் இருந்தவளை,
அவள் கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தன.
ஐந்தாம் நாள் மைனஸ் பதினொன்று. திரையை இழுத்துவிட்டு
அடுப்போரம் நின்றபடியே சாப்பிட்டாள்.
எட்டாம் நாள் திரை விலக்கியபோது
பட்டாணிக்குருவி ஒன்று தலைகீழாகத் தொங்கி
பட்டையிடுக்கில் எதையோ குத்தி எடுத்தது.
அது என்ன என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

பதினைந்தாம் நாள் மாட்டினாள். பாதி அளவுதான்.
பச்சைக்குருவி வரவே இல்லை
என்று ஆர்வோவிடம் சொல்லி முடித்த அன்றைக்கே
ஒன்று வந்தது. தனியாக.
ரௌனி செருப்பை மாட்டிக்கொண்டு, காது சிலிர்க்க,
அதை நோக்கி நடந்தாள்.
வேண்டுமென்றே பனியை நொறுக்கி மிதித்து.

பதினைந்தடியிலேயே
விருட்டென்று எழும்பி, வேலி தாண்டி, போயே போய்விட்டது.

"அப்படித்தான்" என்றாள் சத்தமாக,
"அப்படித்தான், போ."